அறுபத்தொரு பேருக்கு ஒரு கிணறு: முல்லைத்தீவுக் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாட்கள்

சனிக்கிழமை காலை 5.40 மணி. தலை நிறைய ஷம்பூ நுரையோடு என் மச்சாள் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், உள்ளேயிருந்து. வெளியே நின்ற எங்களிடம் அவர் கேட்டது ஒரு வாளி தண்ணீர். வாளி இருந்தது. தண்ணீர்தான் எங்கேயும் இல்லை. பக்கத்து அறையில் இல்லை, மேல்மாடியில் இல்லை, குசினியில் கேத்தல் வைக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு அறைக் கதவுகளும் திறந்து, துவாயைத் தோளில் போட்டபடி சனம் முற்றத்துக்கு வந்துவிட்டது. தீர்த்தமாட வந்த இடத்தில் கேணி வற்றிக் கிடப்பதைக் கண்ட மாதிரி ஒவ்வொரு முகமும்.

"மோட்டர் போடேல்லையோ தம்பி?"

"ராத்திரி முழுக்க ஓடினது அண்ணை. இப்பவும் ஓடுது."

அந்தப் பதிலில்தான் எனக்கு முழுசாக நித்திரை கலைந்தது. மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அது காற்றை உறிஞ்சுகிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

நான் வவுனியாவில் கிணறு, குழாய்க்கிணறு, பம்பு என்று இருபது வருடமாக வேலை பார்க்கிறவன். அந்த வாரக்கடைசியில் மட்டும் விருந்தாளி. 2023 ஆகஸ்ட் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்களில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விடுதிக்காரர் பிறகு என்னைக் கூப்பிட்டு, பதிவுக் கொப்பி, செலவுக் கொப்பி, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்தார். விடுதியின் பெயர் இங்கே வராது. முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே, கொக்கிளாய் வீதியிலிருந்து கடல் பக்கம் திரும்பும் மணல் ஒழுங்கை ஒன்றின் முடிவில் இருக்கிறது, அது போதும். ஆள் மோசமானவர் அல்ல. காசைக் கண்டு கண் மறைந்தவரும் அல்ல. அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை, "கள்ளன்" என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். அவர் கட்டிலை எண்ணினார், மெத்தையை எண்ணினார், கதிரையையும் கோழியையும்கூட எண்ணினார். கிணற்றை எண்ணவில்லை. எண்ணத் தெரிந்த நானும் எண்ணவில்லை என்பது இந்தக் கதையின் மற்றப் பாதி.

ஏன் எல்லாரும் ஒரே நேரத்தில்?

வன்னியின் கிழக்குக் கரைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. கடலும் வாடைக் காற்றில் கொந்தளிக்கும், யாரும் குளிக்க வரமாட்டார்கள். சித்திரைக்குப் பிறகு கடல் அடங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கினால் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழும்பாது, குளம் மாதிரிக் கிடக்கும். அந்த மாதங்களில்தான் சனம் வரும். அதே மாதங்களில்தான் வானம் பொய்க்கும். ஆவணி வரும்போது, கடைசிப் பெருமழை பெய்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். நிலத்தடி நீர் ஆகக் கீழே போயிருக்கும் நேரமும் விடுதி நிரம்பி வழியும் நேரமும் ஒன்றேதான். இதைக் கெட்ட காலம் என்று சொல்ல முடியாது. வருடா வருடம் இப்படித்தான் வரும். 2023இல் நாட்டின் பல பக்கங்களில் வரட்சி வேறு.

கோயில் கூட்டம் இப்படி இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வரும் சனத்தோடு ஒப்பிட்டால் எங்கள் அறுபத்தொரு பேர் ஒரு கணக்கே இல்லை. ஆனால் பொங்கலுக்கு வருகிறவர்கள் மரத்தடியிலும் வீதியிலும் மணலிலும் படுத்தெழும்பி விடிய பஸ் ஏறிவிடுவார்கள். கடற்கரை விடுதிக்கு வருகிறவன் ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிப்பான்.

நாங்கள் போன வாரக்கடைசி, மடுத் திருவிழா முடிந்து நல்லூர்க் கொடியேற்றம் வருவதற்கு முந்தின இடைவெளி. லண்டன், ரொறன்ரோ, சூரிச் என்று எல்லா இடத்துச் சொந்தமும் ஊரில் நிற்கும் நாட்கள். மடுவுக்கு வந்தவர்கள் திரும்பவில்லை, நல்லூருக்கு வந்தவர்கள் இன்னும் யாழ்ப்பாணம் போகவில்லை. நடுவில் இரண்டு இரவு எங்கேயாவது கடலைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும். ஹையேஸ் வான் பிடித்து ஏ9இல் மாங்குளம் வரை வந்து, அங்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக நேரே முல்லைத்தீவு.

விடுதிக்காரரின் பக்கமும் சொல்ல வேண்டும். காணி அவருடைய அப்பப்பாவினது. 2004 சுனாமியில் வீடு போய்விட்டது, கிணறு மட்டும் மிஞ்சியது. பிறகு சண்டை, இடப்பெயர்வு. 2011இல் திரும்பி வந்தபோது அந்தக் காணியில் அடையாளம் காணக்கூடியதாக இருந்தது கிணற்றுக்கட்டு ஒன்றுதானாம். 2015இல் இரண்டு அறையோடு தொடங்கினார். 2019 தொடக்கத்தில் பன்னிரண்டாவது அறைக்கு ஓடு போட்டார். ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் பெற்றோல் வரிசை. வங்கிக் கடன் மட்டும் ஒரு மாதமும் தவறாமல் வந்தது. ஆக, 2023 ஆகஸ்ட்தான் பன்னிரண்டு அறையும் கட்டிய பிறகு அவர் கண்ட முதல் முழுப் பருவம். ஃபோன் அடிக்கும்போது "இல்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

வெள்ளி இரவு

பன்னிரண்டு அறையில் ஆறு இருவருக்கு, ஆறு மூவருக்கு. மொத்தம் முப்பது பேர். பதிவுக் கொப்பியில் வெள்ளிக்கிழமைக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. "மேலதிக மெத்தை" என்ற பெயரில் பன்னிரண்டை அவர் தெரிந்தே சேர்த்திருந்தார். இரவு பத்து மணிக்கு உண்மையில் படுத்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர்.

மிச்சம் பத்தொன்பது பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்தால் விளங்கும். "நாலு பேர் அண்ணை" என்று பதிந்த குடும்பம் ஏழாக வந்தது, பிள்ளைகளை எண்ணவில்லை. "பிள்ளையளையும் எண்ணுறதே?" என்று அந்த அம்மா உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். இன்னொரு குடும்பம் வானைச் செலுத்தி வந்தவரைக் கணக்கில் விட்டுவிட்டது. ஒரு வீட்டார் கிளிநொச்சியிலிருந்து "சும்மா பாத்திட்டுப் போவம்" என்று வந்த பெரியம்மா குடும்பத்தை இரவு விடவில்லை. நாங்கள் மட்டும் ஒழுங்கா? பத்துப் பேர் என்று சொல்லிப் பதினாலாகப் போய் இறங்கினோம். கடைசி நேரத்தில் சித்தப்பா வீட்டாரை விட்டுவிட்டுப் போக முடியுமா? அறைவாசலில் விடுதிக்காரர் தலைகளை எண்ணிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, பொடியனிடம் "நாலு மெத்தை" என்றார். அவ்வளவுதான்.

அட்வான்ஸ் யாரும் கொடுத்திருக்கவில்லை. சொந்தக்காரருக்குத் தெரிந்தவர், ஊர்க்காரர் என்று வாய்வார்த்தையில் வந்த பதிவுகள். அட்வான்ஸ் இல்லாததால் அவர் பயந்தார். பத்துப் பேர் வராமல் போகக்கூடும் என்று நினைத்து இருபது பேருக்கு ஓமென்றார். அந்த வாரம் எல்லாரும் வந்தார்கள்.

ஆனாலும் வெள்ளி இரவு நல்ல இரவு. கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது, ஏசி எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் இழுக்கவில்லை. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. முற்றத்து மணலில் பாய் விரித்துப் பதினொரு மணி வரை கதை. சூரிச்சிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் தரம் பாலைப்பழம் தின்று, பால் ஒட்டிய உதட்டைப் பிரிக்க முடியாமல் சிரித்தார்கள். பருவம் முடிகிற நேரம். வழியில் ஒருவரிடம் கடைசிச் சுண்டாக வாங்கியது. அந்த இரவை வைத்துப் பார்த்தால் கூட்டம் ஒரு குறையே இல்லை. கூட்டமாக இருக்கத்தானே வந்தோம்.

கிணறு

சனி காலை கிணற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தபோது உறிஞ்சு குழாயின் வாய் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. கயிறு விட்டுத் தண்ணீரின் ஆழத்தை அளந்தேன்: 22 சென்ரிமீற்றர். வளையத்தில் முந்தின நாள் ஈர அடையாளம் 1.2 மீற்றரில் இருந்தது.

கிணற்றின் உள்விட்டம் ஒன்றரை மீற்றர். அப்படியான வளையத்தில் ஒரு மீற்றர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1,770 லீற்றர். அதாவது வெள்ளி பின்னேரம் கிணற்றில் கைவசம் இருந்தது 2,100 லீற்றர். மேலே இரண்டு தாங்கிகள், தலா 2,000. மிச்சமெல்லாம் ஊற்றை நம்பி.

ஊற்று எவ்வளவு? மோட்டரை நிற்பாட்டிவிட்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப அளந்தேன்: 102 சென்ரிமீற்றர். ஆறு மணி நேரத்தில் 80 சென்ரிமீற்றர், சுமார் 1,400 லீற்றர். ஒரு முழு நாளைக்கு 5,600 லீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். கடலில் குளித்துவிட்டு வந்து உப்பும் மணலும் போகத் திரும்பக் குளிக்கிற ஒருவருக்கு, மலசலகூடத்தோடு சேர்த்து, நாளைக்கு 160 லீற்றர் என்பது என் கை அனுபவக் கணக்கு. முப்பது பேருக்கு 4,800. குசினிக்கும் கழுவலுக்கும் கொஞ்சம். முப்பது பேர் என்றால் இந்தக் கிணறு மூச்சுவிடாமல், ஆனால் தாங்கும். அறுபத்தொரு பேருக்கு 9,760. பகலில் வந்து சாப்பிட்டுவிட்டு "ஒருக்கா மேல் கழுவிட்டுப் போறம்" என்ற முப்பத்தைந்து பேருக்கு 1,400. குசினி, படுக்கைத் துணி 1,500. மொத்தம் 12,600க்கு மேல். கிணறு கொடுக்கக்கூடியதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்தக் கணக்குப் போட ஒரு பேனையும் சிகரெட் பெட்டி மட்டையும் போதும். ஆனால் காலை ஆறு மணிக்கு நான் போட்டது இந்தக் கணக்கு அல்ல.

நான் சொன்னது இதுதான்: "அடியில மணல் மூடிக் கிடக்கு. அதை அள்ளிப்போட்டு, குழாயை ஒரு மூண்டடி இறக்குங்கோ."

வவுனியாவில் நான் நாளாந்தம் சொல்லும் வசனம் அது. அங்கே நிலத்துக்குக் கீழே கருங்கல். கிணறு வற்றினால் ஆழமாக்கு, கல்லை உடை, குழாயை இறக்கு. கீழே போகப் போகத் தண்ணீர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கீழே கடல் இருக்கும் என்ற நினைப்பே அந்த மூளையில் கிடையாது.

கரையோர மணலில் நிலைமை வேறு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் பாரம் குறைந்தது; கடல்நீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு பாரம். இந்தச் சின்ன வித்தியாசத்தால் ஒரு பெரிய கணக்கு வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், அது கீழே உப்புநீரை நாற்பது அடி அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். ஒரே இரவில் ஏறாது, மணல் தடுக்கும். ஆனால் கிணற்றுக்கு நேர் கீழே, இழுக்கிற இடத்தில், உப்பு ஒரு கூம்பு மாதிரி மேலே எழும்பும். குழாயை இறக்குவது அந்தக் கூம்பின் உச்சியைத் தேடிப் போவது போன்றது.

ஒன்பது மணிக்குத் தண்ணீர்ப் பவுசர் ஒன்று வந்து அவசரத்தைத் தீர்த்தது. பொடியன்கள் இரண்டு பேர் கிணற்றில் இறங்கி மணலை அள்ளினார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் அளந்து முடித்த கையோடு குழாய் மூன்று அடி இறங்கியது. மோட்டர் போட்டதும் தண்ணீர் பாய்ந்தது. சனம் கைதட்டியது. விடுதிக்காரர் எனக்கென்று தனியாக ஒரு தட்டில் நண்டுக் குழம்பு அனுப்பினார். இரண்டு காலையும் நானே தின்றேன்.

ஞாயிறு காலை, முற்றத்தில் முதல் தேத்தண்ணி. அம்மம்மா ஒரு முடறு குடித்துவிட்டுக் கோப்பையை இறக்கி வைத்தார்.

"ஆரடா தேத்தண்ணிக்கு உப்புப் போட்டது?"

யாரும் போடவில்லை. சித்தப்பா தன் கோப்பையை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாளுக்கு விளக்கெரிக்கத்தான் கடல்தண்ணி எடுக்கிறது, எங்களுக்கு ஏன் தேத்தண்ணி ஊத்தினவை?" என்றார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன், சிலாவத்தைக் கடலில் எடுக்கும் தீர்த்தத்தில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பது வழமை, அதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும் அளவில் நாக்கு உப்பைக் கண்டுகொள்ளத் தொடங்கும். கடல்நீரில் அது 19,000 அளவில் இருக்கும். அப்படியென்றால் நூறு வாளி நல்ல தண்ணீரில் ஒன்றரை வாளி கடல்நீர் கலந்தாலே தேத்தண்ணி கெட்டுவிடும். எத்தனை சின்ன அளவு என்று பாருங்கள். பிற்பகலுக்குள் சவர்க்காரம் நுரைக்கவில்லை. முப்பது மணி நேரம் விடாமல் ஓடிய மோட்டர் கம்பி கருகி நின்றது.

இதில் எனக்குச் சுடுகிற இடம் ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்கக் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கியபோது, அளவுக்கு மீறி இறைக்காதே, கீழே இருக்கிற உப்பை நீயே மேலே இழுப்பாய் என்று சொல்லப்பட்டது. கரையில் இருப்பவர்களுக்கு அது பாடம். பக்கத்து வளவில் வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர், சனிக்கிழமை நாங்கள் மணல் அள்ளுவதைப் பார்த்து, "தோண்டாதையுங்கோ தம்பியவை, அது பொல்லாத கிணறு" என்று சொல்லியிருக்கிறார். பொடியன்கள் என்னைக் காட்டி, "வவுனியாவில இருந்து இஞ்சினியர் வந்து நிக்கிறார்" என்றார்களாம். நான் இஞ்சினியரும் இல்லை.

கடல்

தண்ணீர்க் கதையில் எல்லாரும் மூழ்கியிருந்த சனிக்கிழமை பத்தரை மணிக்கு, அதைவிடப் பெரிய ஒன்று நடக்கப் பார்த்தது.

விடுதி பிள்ளைகளுக்குக் காற்றடித்த ரியூப் வாடகைக்குக் கொடுத்தது. கடல் கண்ணாடி மாதிரி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ரியூப்பில் படுத்தபடி முழங்கால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தான். அவனுடைய தகப்பன் அடுத்த பவுசர் வந்துவிட்டதா என்று பார்க்கத் திரும்பி நடந்தார். அவர் திரும்பி வந்தபோது ரியூப் நூறு மீற்றருக்கு அப்பால்.

கடல் ஏன் கண்ணாடி மாதிரிக் கிடந்ததோ, அதே காரணம்தான் பிள்ளையையும் கொண்டுபோனது. கச்சான் கரையிலிருந்து வெளியே வீசுகிறது; அலையைப் படுக்க வைக்கிறது, மிதக்கிறதை வெளியே தள்ளுகிறது. காற்றடித்த ரியூப் ஒரு பாய்மரம் மாதிரி. கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர் அலையைப் பார்த்து ஆபத்தை அளக்கிறார். அலை இல்லையென்றால் பயமில்லை என்று நினைக்கிறார். இங்கே ஆவணியில் அலை இல்லாத காலைதான் ரியூப்புக்கு ஆகாத காலை.

பையனைக் கொண்டுவந்தது கரைவலை வள்ளம். வலை வளைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் கண்டு தூக்கினார்கள். பையன் அழவில்லை, இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டான். தகப்பன்தான் மணலில் இருந்துவிட்டார்.

அந்த வள்ளக்காரர்களோடுதான் காலை எட்டு மணிக்கு விடுதிச் சனம் சண்டை பிடித்திருந்தது. கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் கயிறு, இருபது முப்பது பேர், நீளக் கரை வேண்டும். விடுதியின் வண்ணக் குடைகளும் பிளாஸ்டிக் கதிரைகளும் போடப்பட்டிருந்தது அவர்களுடைய 'பாட்டு'க்குள், அதாவது அவர்கள் வலை வளைக்கும் இடத்தில். குளித்துக்கொண்டிருந்தவர்களை எழும்பச் சொன்னபோது ஒருவர், "நாங்கள் காசு குடுத்து வந்திருக்கிறம், கடல் உங்கட அப்பன்ர சொத்தோ?" என்றார். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி கோபப்படவில்லை.

"கடல் எல்லாருக்கும்தான் தம்பி. பாடு எனக்கு."

பாடு என்பது இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை வலை வளைக்கும் உரிமை, தலைமுறையாக வருவது. விடுதிக்காரருக்கு இது தெரியாத விஷயம் அல்ல, அவரும் அந்தக் கரையில் பிறந்தவர்தான். பருவம் இல்லாத நாளில் நாலு பேர் குளித்தால் பிரச்சினை வராது. அறுபது பேர் வந்தால் குடை நகர்ந்து நகர்ந்து பாட்டுக்குள் போய்விடும். கிணற்றில் நடந்ததுதான் கரையிலும் நடந்தது, கொஞ்சப் பேருக்கு இருந்த இடம் பல பேருக்கு இல்லாமல் போனது.

குசினியும் குழியும்

சமைத்த அக்காவின் கைக்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நந்திக்கடல் இறால், கணவாய்ப் பிரட்டல், காலையில் புட்டும் சம்பலும். ஆனால் மூன்று அடுப்பில் அறுபது பேர் அறுபது விதமாகக் கேட்டால் மத்தியானச் சாப்பாடு மூன்றரைக்குத்தான் வரும்; வந்தது. மலசலகூடக் குழி சனி இரவே மணக்கத் தொடங்கியது. மணலில் கிடக்கிற குழிக்கு முப்பது பேரின் நீர் இறங்கும், அறுபது பேரினது இறங்காது. குழி இறைக்கும் கல்லி பவுசருக்குச் சொல்லி அது திங்கட்கிழமைதான் வந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஐம்பது அடி தூரம் இருந்தது மட்டும் நல்லகாலம். அதைப் பற்றி இதற்குமேல் விரிக்க விருப்பமில்லை.

காசுக் கணக்கு

அந்த இரண்டு இரவுக்கும் மேலதிக மெத்தையால் கிடைத்தது 36,000 ரூபா. இருபத்துநாலு மெத்தைக்குத்தான் காசு வாங்கினார், தலா 1,500. மிச்சப் பேரிடம் கேட்க வெட்கப்பட்டார். பவுசர் மூன்று, 27,000. மோட்டருக்குக் கம்பி சுற்ற 18,500. கல்லி பவுசர் 12,000. ஞாயிறு காலை கோபித்துக்கொண்டு கிளம்பிய இரண்டு குடும்பங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 32,000. ஆக 89,500 ரூபா செலவு. முப்பது பேரோடு நிறுத்தியிருந்தால் 53,500 ரூபா மிச்சம்.

இவ்வளவும் அவர் கொப்பியில் இருந்தவை. கொப்பியில் இல்லாத செலவு கிணறு. செப்டெம்பர் முழுக்கக் குடிக்க, சமைக்க, எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து தண்ணீர். குழாயைப் பழைய உயரத்துக்கு ஏற்றி, இறைப்பைக் குறைத்தும் உப்புப் போகவில்லை. கார்த்திகை மழை நன்றாக இறங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடிந்தது.

அடுத்த ஆவணி

மாரி முடிந்து அவர் என்னைக் கூப்பிட்டபோது, பிழை சொன்னவனே வந்து திருத்தட்டும் என்ற எண்ணமோ என்னவோ, ஒரு சொல்லும் குத்திப் பேசவில்லை. இரண்டு நாள் நின்றேன். கிணற்றை ஆழமாக்கவில்லை. காணியின் வீதிப் பக்கம், கடலிலிருந்து தள்ளி, ஆழம் குறைந்த இன்னொரு கிணறு வெட்டினோம். இரண்டிலும் சின்ன மோட்டர். இரண்டு மணிக்கு ஒருக்கால் இருபது நிமிடம் ஓடி தானாக நிற்கும். ஒரே கிணற்றில் நிறைய இழுப்பதைவிட, இரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நீரை வழிப்பது உப்பை எழுப்பாது. 5,000 லீற்றர் தாங்கி ஒன்று புதிதாக வந்தது. அது வியாழனே நிரம்பியிருக்க வேண்டும். கடலிலிருந்து வருகிறவர்களுக்கு முற்றத்தில் ஒரு தொட்டியும் இரண்டு வாளியும். ஷவரில் நின்று மணல் கழுவுகிறவன் எவ்வளவு தண்ணீர் விடுகிறான் என்று அவனுக்கே தெரியாது, வாளியில் அள்ளினால் தெரியும். இதற்கு லண்டன் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தோம். அவர்களுக்குத்தான் அது விளையாட்டாகப் போனது.

குடைகள் பாட்டுக்கு வெளியே நகர்ந்தன. வலை இழுக்கும் நேரத்தைச் சம்மாட்டி முந்தின இரவே சொல்லிவிடுவார், அது வாசல் கரும்பலகையில் எழுதப்படும். இப்போது அந்த நேரத்துக்குக் கயிறு பிடிக்கவென்றே விடுதிச் சனம் எழும்பி வருகிறது. ரியூப்புகளை விற்றுவிட்டார். மத்தியானச் சாப்பாடு ஒரே சாப்பாடு, முந்தின இரவு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும்.

ஆகக் கஷ்டமானது தலைக்கணக்கு. பிள்ளைகளையும் வான்காரரையும் சேர்த்து முப்பத்தாறுக்கு மேல் இல்லை, பாதிக் காசு வங்கியில் போட்டால்தான் அறை. 2024 ஆகஸ்ட்டில் அந்த விதியோடு அவர் என் சொந்தப் பெரியம்மாவையே திருப்பி அனுப்பினார். பெரியம்மா என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. முப்பத்தாறு பேர் வந்தார்கள், தண்ணீர் நின்றது, தேத்தண்ணி தேத்தண்ணியாக இருந்தது. இரவில் முற்றம் கொஞ்சம் வெறிச்சென்று இருந்ததாக ஒரு குடும்பம் குறைப்பட்டதாம். அது உண்மைதான், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு அவர் இரண்டு கிணற்றிலும் முடிச்சுப் போட்ட கயிறு விட்டு அளக்கிறார். ஒரு வாய் தண்ணீர் எடுத்துச் சுவைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுக் கொப்பியில் எழுதுகிறார். போன மாதம் நான் போனபோது கொப்பியைக் காட்டினார். மூன்று வாரமாக நீர்மட்டம் வழமையைவிட வேகமாக இறங்கியிருந்தது, விடுதியிலோ பத்துப் பேர்கூட இல்லை. பேசாமல் என்னை வேலிக்கு அருகே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வளவில் புதுக் கட்டடம் எழும்புகிறது, பதினாறு அறை என்று கேள்வி. எங்கள் கிணற்றிலிருந்து நாற்பது மீற்றர் தூரத்தில் புதுவளையம் இறக்கியிருந்தார்கள். கொங்கிறீற் நனைக்க மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் ஒருக்கா அவரோட கதைச்சுப் பாக்கேலுமே?" என்றார் விடுதிக்காரர். "வவுனியாவில இருந்து இஞ்சினியர் எண்டு சொல்லுறன்."